கொமன் மட்டும்: புதுக்குடியிருப்பில் நாங்கள் ஆடும் மஜிக்

மஜிக்: த கதரிங் என்ற சீட்டாட்டத்தின் அட்டை ஒன்றைக் கையில் எடுத்தால், படத்துக்குக் கீழே வலப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு முத்திரை தெரியும். அட்டை எவ்வளவு அபூர்வம் என்பதை அதன் நிறம் சொல்லும். கறுப்பு என்றால் கொமன், அதாவது சாதாரண அட்டை. வெள்ளி என்றால் அன்கொமன். பொன்னிறம் ரெயர், செம்மஞ்சள் மிதிக் ரெயர். கடையில் நெடுங்காலமாக விற்ற பக்கற்றில் 15 அட்டை இருந்தது: 10 கொமன், 3 அன்கொமன், ஒரு நிலம், ஒரே ஒரு ரெயர். 2024 முதல் இந்தக் கணக்கு மாறிவிட்டது, அது இங்கே தேவையில்லை. பக்கற்றைக் கிழிப்பவர் முதலில் அந்த ஒன்றைத்தான் தேடுவார். மற்றவை சப்பாத்துப் பெட்டிக்குள் போகும். நான் எழுதப்போவது அந்தச் சப்பாத்துப் பெட்டியைப் பற்றி.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொருவரும் தாமே சேர்த்த கட்டுடன் வருவார்கள். நில அட்டைகளை மேசையில் வைத்து அவற்றிலிருந்து மானா என்ற மந்திரச் சக்தியை எடுத்து, அந்த மானாவைச் செலவழித்து மந்திரங்களையும் கிரியேச்சர் என்ற சண்டைப் பிராணிகளையும் இறக்கி, எதிராளியின் 20 உயிரைப் பூச்சியமாக்க வேண்டும். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இந்த ஆட்டத்தை 1993 இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் வெளியிட்டது. இன்று வேறு வேறு பெயர்களில் 25,000 க்கும் மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன.

அபூர்வமான அட்டை என்றால் பலமான அட்டை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். வன்னிப் பெடியளுக்கு அப்படி ஒரு நினைப்பு வரவேயில்லை, ஏனென்றால் அவர்கள் 304 என்ற சீட்டாட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். செத்தவீடு, கலியாணவீடு, கோயில் மடம் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் பாய் விரித்து 304 நடக்கும். அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10. ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. முடி சூடியவன் கையில் இருக்கிறான் என்று நம்பி இறங்கினால் என்ன நடக்கும் என்பது பத்து வயதிலேயே தெரிந்துவிடும்.

மஜிக்கிலும் முதல் பதிப்பிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு மானாவுக்கு ஏதாவது ஒன்றை மூன்றாகத் தரும் ஐந்து அட்டைகள் அதில் வந்தன. லைட்னிங் போல்ட் 3 சேதம் கொடுக்கும். ஜயன்ட் குரோத் ஒரு கிரியேச்சருக்கு அந்தத் திருப்பம் (ஒருவர் ஆடும் முறை) முடியும்வரை அடிக்கும் பலத்திலும் தாங்கும் பலத்திலும் மூன்று மூன்று கூட்டும். டார்க் ரிச்சுவல் 3 கறுப்பு மானா தரும். ஹீலிங் சால்வ் 3 உயிர் தரும். அன்செஸ்ட்ரல் ரீகோல் 3 அட்டை எடுக்க விடும். முதல் நாலும் கொமன், கடைசி மட்டும் ரெயர். அன்செஸ்ட்ரல் ரீகோல் இன்று ஒரு வீடு திருத்துகிற காசுக்கு விற்கிறது. ஹீலிங் சால்வை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் லைட்னிங் போல்ட் முப்பது வருடம் தாண்டியும் இன்னும் உலகம் முழுக்க மேசைகளில் கிடக்கிறது, அதுவும் கொமனாகவே. ஆக, கொமனுக்குள்ளேயே குப்பையும் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. எது எது என்று பிரித்தறிவதுதான் ஆட்டம்.

இதை வைத்து ஒரு தனி ஆட்டமுறையே உண்டு, பெயர் போப்பர். முன்னர் இணையத்தில் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த வழக்கத்தை 2008 டிசம்பரில் ஆட்டத்தின் இணைய வடிவமான மஜிக் ஒன்லைன் அதிகாரபூர்வமாக்கியது. விதி ஒரு வரிதான்: எப்போதாவது ஒரு தடவையாவது கொமனாக வெளிவந்த அட்டைகளால் மட்டும் கட்டு அமைய வேண்டும். மற்றதெல்லாம் வழமைபோல. குறைந்தது 60 அட்டை, பக்கத்தில் 15 வரை மாற்று அட்டை, அடிப்படை நிலங்களைத் தவிர ஒரே பெயரில் நாலுக்கு மேல் கூடாது, 20 உயிர், கையில் 7 அட்டையுடன் தொடக்கம்.

"எப்போதாவது ஒரு தடவை" என்ற சொற்களில்தான் சண்டையெல்லாம். நீண்டகாலம் இணையத்தில் ஒரு பட்டியல், கடதாசி அட்டைக்கு ஊருக்கு ஊர் வேறு வழக்கம் என்று கிடந்தது. சில பழைய அட்டைகள் கடதாசியில் கொமன், இணையத்தில் அன்கொமன். சில மறுவளம்: செய்னர்ஸ் ஈடிக்ட் கடதாசியில் அன்கொமனாக வந்தது, இணையத்துக்கு மட்டும் வெளியான ஒரு தொகுப்பில் கொமனாயிற்று. 2019 கோடையில் விசார்ட்ஸ் இரண்டையும் ஒன்றாக்கியது. கடதாசியோ இணையமோ, எங்கே ஒரு தடவை கொமனாக இருந்தாலும் இரண்டிலும் செல்லும். அப்படிச் சேர்த்த அதே கையோடு ஹிம் டு டுராக், சிங்க்ஹோல், ஹை டைட் என்ற மூன்றையும் தடை செய்தார்கள். சிங்க்ஹோல் இரண்டு மானாவுக்கு எதிராளியின் நிலத்தையே அழித்துவிடும். ஹிம் அவர் கையிலிருந்து குருட்டுப்போக்கில் இரண்டு அட்டையை வீசவைக்கும். இரண்டாம் திருப்பத்திலேயே அது விழுந்தால் அந்த ஆளுக்கு ஆட்டத்தில் மிஞ்சுவது பொறுமை மட்டும்தான். நல்ல தடை என்பது என் எண்ணம்.

சரி, இது எப்படிப் புதுக்குடியிருப்புக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் ஒருவர் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்தபோது, மகன் வளர்ந்து ஆர்வம் விட்டுப்போன அட்டைகளைச் சூட்கேசின் அடியில் போட்டுக்கொண்டு வந்தார். ஆயிரம் அட்டை கிட்டத்தட்ட 1.8 கிலோ. அவர் கொண்டுவந்தது இரண்டாயிரத்துக்குக் கிட்ட. பாரம் பார்த்துப் பார்த்துக் கட்டும் அந்தப் பயணத்தில் சொக்லேற்றுக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்ததற்கு என் மாமியிடம் ஏச்சும் வாங்கினார். பொன் சின்னமும் செம்மஞ்சளும் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்திருந்தன. எங்களிடம் வந்தது கறுப்பும் கொஞ்சம் வெள்ளியும். தவறிப்போய் உள்ளே கிடந்த ஒரு பொன் சின்ன டிராகனைப் பெடியள் சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள், படம் பார்க்க.

பெட்டி நீண்டகாலம் அலுமாரியில் தூங்கியது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போன காலத்தில்தான் அது வெளியே வந்தது. போனில் சார்ஜ் இல்லை, பெற்றோலுக்கு வரிசை, பள்ளிக்கூடமும் ஒழுங்காக இல்லை. பின்னேரத்தில் சனசமூக நிலையத்து விறாந்தையில் காற்றுக்காக வந்து குந்தியிருக்கும் பிள்ளைகளிடம் பெட்டியைக் கொடுத்தோம். ஆங்கிலம் தடக்கியது. ஆனால் ஓ.எல். படிக்கிற பிள்ளை ஒரு அட்டையை மூன்று தரம் வாசித்துவிட்டால் நாலாம் தரம் தேவைப்படுவதில்லை. பாடப்புத்தகத்தில் வராத வேகத்தில் அவர்களுக்கு அந்த ஆங்கிலம் வந்தது. அடிப்படை விதிகளைத் தமிழில் பிறிஸ்டல் போட் ஒன்றில் எழுதி ஒட்டினோம். உயிர் எண்ணப் புளியங்கொட்டை, டோக்கனுக்கு, அதாவது அட்டையில்லாமல் மேசைக்கு வரும் கிரியேச்சர்களுக்கு, சோடா மூடி.

விதி எழுதத் தொடங்கியபோதுதான் போப்பரை அப்படியே எடுக்க முடியாது என்று தெரிந்தது. போப்பர், ஒரே அட்டையில் நாலு பிரதி வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்ட ஆட்டம். நாலு லைட்னிங் போல்ட், நாலு கவுண்டர்ஸ்பெல், நாலு பிரெயின்ஸ்டோர்ம் என்று தேவையானதைத் தேர்ந்து வாங்கினால்தான் கட்டுக்கு ஒரு குணம் வரும். எங்களுடையது வேறொருவர் பக்கற் பக்கற்றாகக் கிழித்து ஒதுக்கிய மிச்சம். லைட்னிங் போல்ட் ஒன்றே ஒன்று. லானோவார் எல்வ்ஸ் இரண்டு. யாருக்கும் தேவையில்லாத ஒரு பன்றி மட்டும் பதினொன்று. இந்தப் பெட்டியை நாலு பேர் பிரித்து 60 அட்டைக் கட்டு அமைத்தால் ஒருவனுக்குப் போல்ட், மற்றவனுக்குப் பன்றி.

கூகுளில் தேடியதில் இதற்கு ஏற்கனவே ஒரு வழி இருந்தது. போப்பர் கொமாண்டர் என்பார்கள். கட்டில் 100 அட்டை, அடிப்படை நிலம் தவிர எல்லாம் ஒவ்வொன்று. 99 கொமன், ஒன்று மட்டும் அன்கொமன் கிரியேச்சர், அதுதான் தலைவர். வழக்கமான கொமாண்டர் ஆட்டத்தில் தலைவர் லெஜண்டரி என்று அட்டையில் அச்சிட்ட ஆளாக இருக்க வேண்டும், இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த வெள்ளிச் சின்னக் கிரியேச்சரும் தலைமை தாங்கலாம். தலைவரின் நிறங்களுக்கு வெளியே உள்ள அட்டை கட்டில் கூடாது. தலைவர் செத்தால் திரும்ப இறக்கலாம், ஒவ்வொரு தரமும் இரண்டு மானா கூட. தொடக்க உயிர் 30, வழக்கமான கொமாண்டரில் 40. ஒரே தலைவரிடம் சண்டையில் 16 சேதம் வாங்கினால் உயிர் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் வெளியே. வழக்கமான கொமாண்டரில் அது 21.

ஒவ்வொன்று மட்டும் என்ற விதி எங்கள் பெட்டிக்கென்றே எழுதினதுபோல இருந்தது. இரண்டாயிரம் அட்டையில் நாலு கட்டு, கொஞ்சம் நெருக்கி ஐந்து கட்டு வந்தது. தலைவர்கள் யாரும் பெரிய ஆட்கள் இல்லை. ஒரு கட்டுக்கு ஒரு காட்டுச் சிலந்தி, இன்னொன்றுக்கு ஆளைவிடக் காது பெரிய ஒரு கோப்ளின். மிதிக் ரெயர் டிராகன் தலைமையில் ஆடுகிற காணொளிகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சம் மனவருத்தம்தான். அப்புறம் அந்தக் கோப்ளின் மூன்று பேரையும் ஒரே பின்னேரத்தில் கவிழ்த்ததும் டிராகனை மறந்துவிட்டார்கள்.

எது கொமன் என்று தீர்மானிப்பதில் வந்த இழுபறியைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆட்டமுறையின் சுவாரசியமே போய்விடும். முத்திரையின் நிறத்தைப் பார்த்தால் போதாது. 1998 இல் எக்சோடஸ் தொகுப்பிலிருந்துதான் நிறத்தால் அபூர்வத்தைக் காட்டும் வழக்கம் வந்தது. அதற்கு முந்திய அட்டைகளில் ரெயருக்கும் கறுப்பு முத்திரைதான், முதல் பதிப்புகளில் முத்திரையே கிடையாது. மறுபக்கம், கையில் இருப்பது வெள்ளியாக இருந்தாலும் அட்டை செல்லக்கூடும், விதி பார்ப்பது பெயரை. ரான்கோர் என்ற பச்சை மந்திரத்தை எடுங்கள். 1999 இல் அர்சாஸ் லெகசியில் அது கொமன். 2012 இல் வந்த மஜிக் 2013 தொகுப்பில் அன்கொமன். எங்கள் பெட்டியில் இருந்தது இரண்டாவது.

"அண்ணை, இது சில்வர். கட்டுக்குள்ள வராது."

"போனில பார் தம்பி."

"பாத்தனான். சில்வர் எண்டுதான் கிடக்கு."

"கையில இருக்கிறத மட்டும் பாக்காத. அந்தப் பெயரில வந்த எல்லாத்தையும் பார்."

ஸ்க்ரைஃபோல் என்ற தேடுதளத்தில் அட்டையின் பெயரைப் போட்டால் எந்தெந்த ஆட்டமுறையில் செல்லும் என்று கீழே வரும். ஒரு போனில் ஒரு ஜிபி டேட்டா இருந்தால் போதும், முழுப் பெட்டியையும் சரிபார்த்துவிடலாம். இந்த வேலையை நான் ஒரு பத்தாம் வகுப்புத் தங்கச்சியிடம் விட்டேன். அவள் ஒரு சி.ஆர். கொப்பியில் அட்டையின் பெயர், நிறம், செல்லும் செல்லாது என்று கோடு போட்டு எழுதிவைத்தாள். இப்போது அந்தக் கொப்பிதான் எங்கள் சட்டப்புத்தகம். சண்டை வந்தால் போனை எடுப்பதில்லை, கொப்பியை எடுக்கிறார்கள்.

இந்த விதியின் பெரிய நன்மை என்னவென்றால் யாரும் தாமாகச் சரிபார்க்கலாம். "பலமான அட்டை போடாதே" என்று ஒரு விதி வைத்தால் எது பலம் என்று நாள் முழுக்கக் கதைக்க வேண்டும். "விலை கூடினது போடாதே" என்றால் விலை வாரத்துக்கு வாரம் மாறும். ஆனால் கொமனா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில். அபூர்வம் என்பது உண்மையில் நிறுவனம் தன் வியாபாரத்துக்கும், பக்கற்றை அங்கேயே கிழித்து ஆடும் ஆட்டத்துக்கும் வசதியாக எடுத்த முடிவு. சிக்கலான அட்டையைக் கொஞ்சமாக அடிப்பார்கள், எளிமையானதை நிறைய அடிப்பார்கள். அந்த முடிவை நாங்கள் எங்களுக்குத் தேவையான வேலைக்குப் பாவிக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். போப்பரைப் பற்றி எழுதுகிற அனேகம் பேர் "மலிவு, மலிவு" என்று பாடுவார்கள். ஒரு நல்ல போப்பர் கட்டு பெரும்பாலும் 100 டொலருக்குள் முடியும் என்பது சரிதான், மற்ற ஆட்டமுறைகளின் முதன்மைக் கட்டுகள் பல நூறு டொலர். ஆனால் 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு 100 டொலர் என்பது முப்பதாயிரம் ரூபாய். புதுக்குடியிருப்பில் அது ஒரு வீட்டுக்கு ஒரு மாதச் சாமான். அதோடு கொமன் எல்லாம் மலிவுமல்ல. 1997 இல் டெம்பெஸ்டில் கொமனாக வந்த லோட்டஸ் பெட்டல் நெடுங்காலம் பத்து டொலருக்கு மேல் விற்றது. அரேபியன் நைட்ஸ் காலத்து ஊப்லியெட் 2020 இல் மறுபதிப்பு வரும்வரை போப்பர்காரர்களின் தலைவலி, அச்சடித்ததே கொஞ்சம் என்பதால். கொமன் மட்டும் என்ற விதி வசதியுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைச் சிறிதாக்கும், மூடாது. நாலு பேரில் ஒருவனுக்கு மட்டும் பாரிசில் சித்தப்பா இருந்தால் அடுத்த ஓகஸ்டில் அந்த மேசையில் அவன்தான் ராசா.

அதனால் நாங்கள் இரண்டாவதாக ஒரு விதி வைத்தோம், என்னைக் கேட்டால் முதலாவதைவிட அதுதான் முக்கியம். பெட்டி சனசமூக நிலையத்துடையது. ஒருவருக்கும் சொந்த அட்டை கிடையாது. வெளிநாட்டுச் சித்தப்பா கொண்டுவருவதும் பெட்டிக்குள் போகும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். முதலில் முணுமுணுப்பு இருந்தது. கொண்டுவந்து கொடுத்தவனுக்கு அந்த முறை கட்டு அமைக்கும்போது முதல் தெரிவு என்று ஒரு சலுகை வைத்தபின் அது அடங்கியது.

இந்த மண்ணில் இது இலகுவாக ஒட்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2009 க்கு முந்திய சாமான் என்று புதுக்குடியிருப்பில் யார் வீட்டில் என்ன இருக்கிறது? தாத்தாவின் படம் ஒன்று, ஒரு வெற்றிலைத் தட்டம், அதுவும் யாரோ தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொண்டுவந்தது. பழையதைச் சேர்த்து அலுமாரியில் பூட்டிவைத்து விலை ஏறும்வரை காத்திருக்கும் பழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. சேகரிப்பவர்களுக்காகச் செய்த ஒரு விளையாட்டைச் சேகரிக்காதவர்கள் ஆடுகிறோம்.

முதல் வருட மஜிக்கில் பந்தயம் கட்டும் விதி ஒன்று இருந்தது. தொடங்கும்போது ஆளுக்கொரு அட்டையை ஒதுக்கி வைத்து வென்றவர் இரண்டையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார். பின்னர் அது கைவிடப்பட்டு, அதோடு சம்பந்தப்பட்ட அட்டைகளும் தடையாயின. போளை அடித்து வென்றதை வீட்டுக்குக் கொண்டுபோகிற எங்கள் பெடியளுக்கு இந்தக் கதையைச் சொன்னதும் கண் விரிந்தது. அவசரமாக மூன்றாவது விதி எழுதினோம்: பந்தயம் இல்லை.

தடைப் பட்டியலுக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. 2022 ஜனவரியில் போப்பருக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். விசார்ட்ஸில் வேலை செய்யும் கேவின் வெர்ஹே தலைமை, பிரேசில், இத்தாலி, ஜப்பான் என்று இந்த ஆட்டம் சூடாக நடக்கும் நாடுகளில் இருந்து ஆட்கள். வந்த சூட்டோடு ஏட்டோக் என்ற அட்டையைத் தடை செய்தார்கள். இரும்பைத் தின்று பெருக்கும் அந்தப் பிராணியால் ஒரே திருப்பத்தில் ஆட்டம் முடிந்துகொண்டிருந்தது. அதே வருடம் செப்டெம்பரில் இனிஷியேட்டிவ் என்ற திறன் கொண்ட நாலு அட்டைகள் போயின. அந்தத் திறன் நாலு பேர் மேசைக்காகச் செய்தது. இரண்டு பேர் ஆட்டத்தில் ஒருவர் முதலில் பிடித்தால் மற்றவர் பறிப்பது மிகவும் கடினம். இவர்கள் ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எழுதி வெளியிடுவது எனக்குப் பிடித்த விஷயம். நம் ஊரில் எந்தக் குழு முடிவெடுத்துவிட்டு இவ்வளவு விளக்கம் சொல்கிறது?

எங்கள் பெட்டியில் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் ஒன்று இருந்தது. 2014 இல் அன்கொமனாக வந்த சிவப்பு வீராங்கனை, ஒரு மானாதான், இறங்கிய திருப்பத்திலேயே அடிப்பாள், மந்திரம் போடப் போடப் பலம் ஏறும். நாங்கள் பெட்டியைத் திறந்தபோது அவள் 99 க்குள் வர முடியாது. 2022 ஜூலையில் டபிள் மாஸ்டர்ஸ் 2022 வெளிவந்து அதில் அவள் கொமன் ஆனாள். பெடியளுக்குக் கொண்டாட்டம், கொப்பியில் "செல்லாது" வெட்டி "செல்லும்" என்று எழுதப்பட்டது. 2023 டிசம்பரில் அதிகாரபூர்வ போப்பரில் அவளைத் தடை செய்துவிட்டார்கள். சிவப்புக் கட்டுகள் அவளால் அளவுக்கு மிஞ்சி வேகம் எடுத்ததுதான் காரணம்.

கொப்பியைத் திரும்ப வெட்டுவதா என்று ஒரு பின்னேரம் முழுக்க விவாதம். சட்டம் சட்டம்தான் என்று ஒரு பக்கம். அந்தத் தங்கச்சி சொன்ன வாதம்தான் வென்றது: "அவையள் நாலு வச்சு ஆடினதால தடை செய்தவை. எங்களிட்ட ஒண்டுதானே கிடக்கு. நூறு அட்டைக்குள்ள அவள் எத்தினை தரம் முதல் கையில வருவாள்?" அது சரியான வாதம். 60 இல் நாலு என்பது பதினைந்துக்கு ஒன்று. நூறில் ஒன்று என்பது வேறு விளையாட்டு. அதோடு உயிர் 20 இல்லை, 30, எதிரில் மூன்று பேர். முதல் திருப்பத்தில் ஒரு சேதம் ரெண்டு சேதம் என்று ஓடுகிற ஆளுக்கு அந்த மேசையில் பெரிய வேலை இல்லை. தடைப் பட்டியல் என்பது அது எழுதப்பட்ட ஆட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். போப்பர் கொமாண்டருக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. ரிஸ்டிக் ஸ்டடி, மிஸ்டிக் ரெமோரா என்ற இரண்டு நீல அட்டைகள் அதில் உண்டு. மற்றவர் மந்திரம் போடும்போதெல்லாம் காசு கட்டு, இல்லையென்றால் நான் அட்டை எடுக்கிறேன் என்று வரி வசூலிப்பவை. நாலு பேர் மேசையில் அது தாங்காது. அந்தத் தடையை நாங்கள் வாதமில்லாமல் ஏற்றுக்கொண்டோம், எங்களிடம் இரண்டுமே இல்லை என்பதும் உதவியது.

இல்லாத அட்டைக்கு என்ன செய்வது? சில பிள்ளைகள் அடிப்படை நிலத்தின் மேல் பேனையால் வேறு அட்டையின் பெயரை எழுதிக் கேட்டார்கள். 2016 இல் விசார்ட்ஸே இதில் தெளிவாகச் சொன்னது: சொந்த ஆட்டத்துக்கு, வியாபாரமில்லாமல் இப்படி எழுதி ஆடுவதில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, உண்மையானதுபோல அச்சடித்த போலி அட்டைதான் குற்றம், அதிகாரபூர்வப் போட்டியில் எழுதிய அட்டை செல்லாது. எங்களுக்குப் போட்டியும் இல்லை, கடையும் இல்லை. ஆனாலும் ஒரு கட்டுக்கு ஐந்துக்கு மேல் எழுதக்கூடாது என்று வைத்தோம். எல்லையில்லாமல் விட்டால் எல்லோரும் இணையத்தில் உள்ள அதே கட்டை எழுதிக்கொண்டு வருவார்கள், பன்றியை வைத்து எப்படி வெல்வது என்று ஒருவரும் யோசிக்கமாட்டார்கள்.

ஆடும்போது இந்த முறையின் சுவை எங்கே வேறுபடுகிறது என்று கேட்டால், மேசையைத் துடைத்தெடுக்கும் அட்டைகள் கொமனில் மிகக் குறைவு என்பதில்தான். ரெயரில் நாலு மானாவுக்கு எல்லாக் கிரியேச்சரையும் அழிக்கும் மந்திரங்கள் உண்டு. கொமனில் கிரிப்ட் ராட்ஸ், பெஸ்டிலென்ஸ்போலக் கறுப்பில் சில, அவையும் போட்டவருக்கே சேர்த்து அடிக்கும். பிளேன்ஸ்வோக்கர் என்ற பெரும் தலைகள் கொமனில் ஒன்றுகூட இல்லை. ஆகவே போட்ட கிரியேச்சர் நிற்கும், ஆட்டம் அடுக்கடுக்காகக் கட்டப்படும், சின்னச் சின்ன மிகுதிகளால் முடியும். இங்கே ஒரு அட்டை கூட எடுத்தவன், அங்கே ஒரு நிலம் பிந்தி இறக்கியவன் என்று. முடிந்தபிறகு எந்த இடத்தில் தோற்றோம் என்று பிள்ளைகளால் சொல்ல முடிகிறது. ஒரு அட்டையைப் பார்த்து "அது வந்ததால தோத்தன்" என்று சொல்லித் தப்பும் வழி குறைவு.

குறையும் உண்டு. இரண்டு நிறம் தரும் நிலங்கள் கொமனில் அனேகமாகப் படுத்தபடிதான் மேசைக்கு வரும், அந்தத் திருப்பத்தில் பயனில்லை. மூன்று நிறக் கட்டு என்றால் முதல் நாலு திருப்பம் வெறும் நிலம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாலு பேர் ஆட்டம் நீண்டும் போகும். வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடுவதற்கு முன் முடிய வேண்டும் என்பதால், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடின உயிர் உள்ளவர் வென்றார் என்று ஒரு விதி சேர்த்தோம். அது வந்ததும் உயிர் கூட்டும் வெள்ளை அட்டைகளுக்குத் திடீர் மதிப்பு ஏற்பட்டது. அந்தச் சூழ்ச்சியைக் கண்டுபிடித்த பையனைத் திட்டவும் முடியவில்லை.

இப்போது கட்டு அமைப்பதிலும் ஒரு மாற்றம் செய்துகொண்டிருக்கிறோம். நல்ல 360 கொமன்களைப் பொறுக்கித் தனியாக வைத்து, எட்டுப் பேர் சுற்றி இருந்து, ஆளுக்குப் பதினைந்து பதினைந்தாக மூன்று அடுக்கு கொடுத்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தவரிடம் தள்ளும் முறை. கடைசியில் ஆளுக்கு 45 அட்டை வரும், அதிலிருந்து நிலமும் சேர்த்து 40 அட்டைக் கட்டு. உலகில் பல இடங்களில் கொமன் கியூப் என்று இதைச் செய்கிறார்கள். யாருக்கு எந்த அட்டை என்ற பேச்சே இதில் எழாது, ஆடி முடிந்ததும் எல்லாம் திரும்பப் பெட்டிக்குள். விசுவமடு, உடையார்கட்டுப் பக்கமிருந்தும் ஏ35 வீதியில் சைக்கிள் மிதித்து வருகிறார்கள், கையில் ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை என்பதால்.

கடைசியாக, கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிற மச்சான்மார், சித்தப்பாமார் வாசித்தால் ஒரு வேண்டுகோள். பொன் சின்னம் வேண்டாம், அதை அங்கேயே வித்துப் போடுங்கோ. எங்களுக்குத் தேவை 2014 இல் கான்ஸ் ஒஃப் டார்கிர் தொகுப்பில் கொமனாக வந்த, வரும்போது ஒரு உயிர் தரும் இரட்டை நிற நிலங்கள் பத்திலும் ஒவ்வொரு சோடி, எவொல்விங் வைல்ட்ஸ் எத்தனை கிடைத்தாலும், இன்னும் ஒரு கிரிப்ட் ராட்ஸ். பளபளக்கும் ஃபொயில் அட்டை கொண்டுவராதீர்கள், மாரியில் ஈரக்காற்றுக்கு அது ஓலைபோலச் சுருண்டு, கட்டில் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிளாஸ்ரிக் உறை இருந்தால் ஆயிரம் கொண்டுவாருங்கள், எல்லாம் ஒரே நிறத்தில். பன்றி மட்டும் வேண்டாம்.